வாசல் தாண்டிப் போன வலி

ஊத்துப்பட்டி விலக்கு என்றால் பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். ஆனால் மரத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, தெருவில் நாங்கள் இருக்கிறோம், எங்களுக்கும் பசிக்கிறது, கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது, அதனால் பேச்சியம்மாள் மகள் சந்தனமாரிக்கு விடிந்ததும் வலி கண்டது என்றபோது யாரும் அதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண். வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கிடந்தது. நான் இட்லிக் கொப்பரையை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நான் மூன்று பெற்றவள். தெருவில் யாருக்கு வலி வந்தாலும் பூரணத்தைக் கூப்பிடு என்பார்கள், கூப்பிடாவிட்டாலும் போய்விடுவேன்.

சந்தனமாரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவளுக்கு இந்த வலியைப் பற்றித்தான் பயம். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது, யார் ஜாடை இருக்கும் என்றெல்லாம் அவள் புருஷன் போனில் கேட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் என்னிடம் வந்து, வலி எப்படி இருக்கும், எங்கே ஆரம்பிக்கும், எப்போது விடும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"பூரணத்தக்கா, எனக்கு வேண்டாம்க்கா இது."

"வேண்டாம்னா யார்ட்டடி குடுக்க? மூச்ச விடு."

பிரசவ வலி கண்ட வீட்டில் பூட்டு எதுவும் பூட்டிக் கிடக்கக் கூடாது, முடிச்சு எதுவும் முடிந்து கிடக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்டி, பீரோ, அடுப்படி டப்பா எல்லாம் திறந்துவிட வேண்டும், தலைப்பின்னலை அவிழ்த்துவிட வேண்டும், கட்டிப்போட்ட ஆட்டை அவிழ்த்துவிட வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்கு வழி கிடைக்கும். நிலைவாசல் கதவை மட்டும் ஒருக்களித்துச் சாத்தி வைக்க வேண்டும். ஆனால் பேச்சியம்மாள் எதையும் அளவாகச் செய்யத் தெரியாதவள். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் ருசி பார்க்க மாட்டாள், இன்னொரு கை அள்ளிப் போட்டுவிடுவாள். தன் வீட்டைத் திறந்துவிட்டு, அது போதாதென்று அடுத்த வீட்டைத் திறந்தாள், எதிர் வீட்டைத் திறந்தாள், டீக்கடைக் கல்லாவைத் திறக்கச் சொன்னாள், பள்ளிக்கூட கேட்டைத் திறக்கச் சொன்னாள், சைக்கிள் பூட்டு, மோட்டார் ரூம் பூட்டு, அம்மன் கோயில் கதவு, நெல் மூட்டை வாய், பால்காரன் கேன் மூடி எல்லாவற்றையும் திறக்க வைத்து, சாவிகளையெல்லாம் ஒரு நார்ப்பெட்டியில் கொட்டிக் குலுக்கி, எது யாருடையது என்று தெரியாமல் பண்ணி, கடைசியில் ஆட்களை விட்டுத் தன் வீட்டு நிலைக்கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அவள் சாவி கேட்காமல் விட்டது ஒரே ஒரு இடம், மாவு மில் அமலியிடம். பிள்ளை பெற்றுப் பிள்ளை தங்காதவளிடம் நல்ல காரியத்துக்குப் போய் நிற்பார்களா என்று நினைத்து அவள் கேட்கவுமில்லை, கேள் என்று நாங்கள் சொல்லவுமில்லை.

கதவு கழன்றதும் வலி எழுந்து வெளியே போனது. நான் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், என்னைத் தாண்டித்தான் போனது. முழங்காலில் வெந்நீர்ச் சூடு பட்டது, சேலைத் தலைப்பு கொஞ்சம் அசைந்தது. மூன்று தடவை என் வீட்டுக்கு வந்து தங்கிப்போன விருந்தாளி, எனக்கு அடையாளம் தெரியாதா? உள்ளே சந்தனமாரி எழுந்து உட்கார்ந்து, "அம்மா, வலியைக் காணோம்" என்றாள். பேச்சியம்மாள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

அது முதலில் டீக்கடைக்குப் போனது. மாஸ்டர் சங்கையா ஒரு கையை உயரத் தூக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, டீ முழுவதும் தரையில் கொட்ட, மதுரையில் தம்பி வீட்டில் இருக்கிற தன் தாயாரை "யாத்தே" என்று இங்கிருந்து கூப்பிட்டார். அங்கிருந்து பஞ்சர் கடைக்குப் போனது, ராசு லாரி டயருக்குள் சுருண்டு படுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்குப் போனது, பெரிய வாத்தியார் பாதிக் கணக்கில் சாக்பீஸோடு தரையில் உட்கார, அதுவும் பாடம்தான் என்று பிள்ளைகளும் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டன. டவுன் பஸ் வந்து நின்றபோது அதில் ஏறிக் கண்டக்டரைப் பிடித்தது. அவர் விடாமல் விசில் ஊதிக்கொண்டே போய், அடுத்த ஊரில் பாதி ஜனம் இறங்கி ஓட, எங்கள் ஊரை விட்டுப் போக மனம் இல்லாமல் வலி எதிரே வந்த வண்டியில் ஏறித் திரும்பி வந்து இறங்கிக்கொண்டது.

அது பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். போ, போ, என்னை விட்டுப் போ என்றார்கள். போ என்றதும் அது போய்விடும். அடுத்த ஆளைப் பிடிக்கும், அவரும் போ என்பார்.

மத்தியானத்துக்குள் தெரு அதற்குப் பழகிவிட்டது. டீக்கடை பெஞ்சை வலி வந்தவர்களுக்கென்று காலி பண்ணி, தலைக்கு ஒரு சாக்கை மடித்து வைத்தார்கள். நான் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பல்லைக் கடிக்காதே, வாயால் மூச்சு விடு, இடுப்பைத் தளர விடு என்று பெண்கள் சொல்லிக் கொடுக்க, கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி பேச்சு ஒன்றையும் காதில் வாங்காத ஆம்பளைகள் அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். வலி வந்து போனவர்கள் வேப்பமரத்தடியில் கூடி, எனக்கு முதுகில் ஆரம்பித்தது, எனக்குத் தொடையில் இறங்கியது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலில் வந்ததால் தனக்குத்தான் கடுமை என்றார் சங்கையா, வெறும் வயிற்றில் வந்ததால் தனக்குத்தான் என்றான் ராசு. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் விலக்கில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி பஸ்ஸுக்கு நின்றால் அந்த பெஞ்சில் இருக்கிற ஆம்பளை தானாக எழுந்துவிடுகிறான். பயந்து ஒளிய நினைத்தவர்களும் உண்டு, ஆனால் கதவைப் பூட்டலாம் என்றால் சாவி பேச்சியம்மாளின் நார்ப்பெட்டியில் கிடந்தது.

இத்தனை கூத்துக்கு நடுவிலும் சந்தனமாரி சிரிக்கவில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தாள், ஒரு டம்ளர் கஞ்சி குடித்தாள், புருஷனுக்குப் போன் போட்டு வலி போய்விட்டது என்று சொன்னாள். பிறகு பனிக்குடம் உடைந்தது. துணை சுகாதார நிலையத்து ஜெயக்கொடி சிஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்து எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல், சந்தனமாரியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"வழி திறந்திருச்சு. பிள்ளை ரெடியா இருக்கு. ஆனா வலி இல்லாம அது இறங்காது. துடிப்பு வேற குறையுது. பொழுது சாயற வரைக்கும்லாம் பொறுக்க முடியாது."

சந்தனமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். "என் வலிய நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று, செருப்பைக்கூடப் போடாமல் கதவில்லாத வாசலைத் தாண்டினாள்.

அந்த வெயிலில் அவள் தேடினாள். டீக்கடைக்குப் போனாள், "இப்பத்தான் தாயி போச்சு, பஞ்சர் கடைப் பக்கம்" என்றார் சங்கையா. பஞ்சர் கடைக்குப் போனாள். கோயிலுக்குப் போய்விட்டது என்றார்கள். கோயிலுக்குப் போனாள், பூசாரி தூணைக் கட்டிப்பிடித்தபடி பள்ளிக்கூடத்தைக் காட்டினார். வளையல் குலுங்க அவள் போகிற இடத்துக்கெல்லாம் ஒரு எட்டு முந்தி அது போயிருந்தது, போன இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பாடா என்று உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுடைய அப்பாடாவைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. நானும் சிஸ்டரும் பின்னாலேயே ஓடினோம். நடுநடுவே அவள் நின்று வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். அசைந்தால் ஒரு தலையாட்டல், அசையாவிட்டால் இன்னும் வேகம்.

சிஸ்டர் சொல்லி ஆம்புலன்ஸ் வந்தது. வந்து நின்ற வேகத்தில் வலி டிரைவரைப் பிடித்துக்கொள்ள, அவர் தானே பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார். சந்தனமாரி அங்கே போய்ச் சேர்வதற்குள் அவரும் போ என்று சொல்லிவிட்டார். "கால் ரெண்டும் நடுங்குதும்மா, பெரியாஸ்பத்திரி வரைக்கும் எப்படி ஓட்டுவேன்" என்று அழுதார்.

அதற்கப்புறம் வலி யாரையும் பிடிக்கவில்லை. தெரு முழுக்கக் காத்திருந்தது, பெஞ்சு காலியாகக் கிடந்தது, யாரும் கத்தவில்லை. அப்போதுதான் மாவு மில் சத்தம் நின்றுபோயிருப்பதையும், பட்டப்பகலில் அதன் ஷட்டர் இறங்கியிருப்பதையும் நாங்கள் பார்த்தோம். ஊரில் பூட்ட முடிகிற இடம் அது ஒன்றுதான். உள்ளேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு கேட்டது. அமலி போ என்று சொல்லவில்லை. சொல்லாததால் அது அங்கேயே தங்கிவிட்டது.

ஊரே ஷட்டர் முன்னால் கூடிவிட்டது. ராசு கடப்பாரையோடு வந்தான். பேச்சியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எம் பிள்ளையோட வலிய அவ எதுக்குப் புடிச்சு வச்சிருக்கா, ஒடைங்கடா" என்று கத்தினாள்.

"யாரும் தொடக் கூடாது" என்றாள் சந்தனமாரி. அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "ஒடைச்சா அது பயந்துபோய் எங்கயாச்சும் ஓடிரும். எல்லாரும் தள்ளிப் போங்க." பிறகு ஷட்டரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, தெருப் புழுதியில் உட்கார்ந்தாள்.

"அமலியக்கா, நான் சந்தனம்."

"தெரியும்."

"என் வலி உங்ககிட்ட இருக்காக்கா?"

"இருக்கு."

"குடுங்கக்கா."

"மாட்டேன்."

உள்ளே அவள் ஷட்டர் பக்கம் நகர்ந்து வருவது கேட்டது. பிறகு அமலி பேசினாள், தகரத்தில் வாய் வைத்துப் பேசியதால் குரல் கரகரத்தது.

"ஒன் வளைகாப்புக்கு என்னைய யாரும் கூப்பிடல. இது யாரும் கூப்பிடாம தானா வந்துச்சு. வீடு தேடி வந்தத எப்படி அனுப்புவேன்? ஆஸ்பத்திரில எனக்கு மூக்குல மருந்த வச்சு தூங்க வச்சுட்டாங்கடி. தூங்குறப்ப வயிறு இருந்துச்சு, முழிக்கிறப்ப இல்ல. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பிள்ளை பெத்து பறிகொடுத்தவன்னு ஊரு சொல்லுது. பறிகொடுத்தேன், சரி. நான் எங்க பெத்தேன்? ஒரு வலி உண்டா, ஒரு சத்தம் உண்டா? இன்னைக்கு வந்திருக்கு. கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு அனுப்புறேன்."

ராசு கடப்பாரையைக் கீழே வைத்தான். நானும் அவளிடம் மாவு அரைக்கப் போய் மாவைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு வந்தவள்தான்.

"கடைசி எங்கிட்டத்தானக்கா இருக்கு" என்றாள் சந்தனமாரி. "வலி உங்ககிட்ட, பிள்ளை எங்கிட்ட. நீங்க உள்ள, நான் வெளிய. இப்படியே ஆளுக்கொரு பக்கமா உக்காந்திருந்தா, நடுவுல கெடக்கே ஒரு உசுரு, அது என்னக்கா செய்யும்?"

சந்தனமாரி தலையையும் ஷட்டரில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா வலிக்குப் பயந்தேன். இப்ப அது இல்லாம பயமா இருக்கு. காலையில எங்கயாச்சும் போகட்டும்னு நெனச்சேன்தான். பயத்துல நெனச்சது அது."

"அசையுதா?" என்றாள் அமலி.

சந்தனமாரி இரண்டு கையையும் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள். பேச்சியம்மாள் வாயில் சேலையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"தெரியலக்கா" என்றாள்.

ஷட்டர் கிறீச்சென்று முழங்கால் உயரத்துக்கு ஏறியது. மாவு அப்பிய கை ஒன்று வெளியே வந்தது. சந்தனமாரி அதைப் பிடித்துக்கொண்டு, அந்த வயிற்றோடு, அந்த இடைவெளியில் எப்படியோ ஊர்ந்து உள்ளே போனாள். பின்னாலேயே சிஸ்டர், அப்புறம் நான். பேச்சியம்மாளும் தலையை நீட்டினாள். சாவிப் பெட்டியைக் கொண்டுபோய் எல்லாருக்கும் பிரித்துக் கொடு என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன், அவள் வந்தால் மில் பெல்ட்டையும் அவிழ்ப்பாள்.

கோதுமை மூட்டைகளுக்கு நடுவில் சாக்கை விரித்து, அதன் மேல் அமலியின் வெளுத்த சேலையை விரித்து, சிஸ்டர் அவளைப் படுக்க வைத்தாள். அமலி தலைமாட்டில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்த கை வழியாக வலி வீடு திரும்பியது. காலையில் போனபோது இருந்த வலியாக அது திரும்பவில்லை. சங்கையாவின் வலியும், ராசுவின் வலியும், வாத்தியார், பூசாரி, கண்டக்டர், டிரைவர் எல்லாருடைய வலியும் அதில் சேர்ந்திருந்தது. சந்தனமாரி கத்திய கத்தலில் மேலே ஓட்டுக் கைமரத்தில் படிந்திருந்த மாவு எங்கள் தலையில் கொட்டியது. வெளியே ஊர் முழுவதும் ஓவென்று ஆரவாரம் போட்டதைக் கேட்டேன். ஒரு பெண் வலியில் கத்துவதற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அது இறங்கியதும் அமலிக்குப் போனது. மறுபடி இவளுக்கு வந்தது. கிணற்றில் இரண்டு பேர் மாற்றி மாற்றி வாளி இழுப்பது மாதிரி இருவரும் வாங்கினார்கள். சிஸ்டர் எதற்கும் அசரவில்லை. "இங்க வந்தா முக்கு, அங்க போனா மூச்சு வாங்கு" என்று சந்தனமாரியிடம் சொன்னாள், "ஒங்களுக்கு வரும்போது சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க, பிடிச்சு வைக்காதீங்க" என்று அமலியிடமும் சொன்னாள். இவளிடம் வரும்போதெல்லாம் பிள்ளை கொஞ்சம் இறங்கியது. தலைமுடி தெரிந்தது. சிஸ்டர் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள், அவள் நெற்றி வேர்த்திருந்தது.

"இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. இதுல வந்திரணும், சந்தனம். இதுக்கு மேல அது தாங்காது."

அது வந்துகொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது, மூட்டைகள் மேல் வெக்கை ஏறியது. இந்தத் தடவை சந்தனமாரியின் முறை. அமலி கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, இங்க வாங்க."

"ஒனக்குத்தான் வருது. வாங்கிக்க."

"இது ஒங்களுக்குக்கா. கடைசி இதுதான்."

"ஏ பைத்தியம்" என்று சிஸ்டர் கத்தினாள், "வலி இல்லாம எப்படி முக்குவ? பிள்ளை மாட்டிக்கும்!" நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அவளை அறையலாமா என்றுகூட இருந்தது. பிள்ளையின் உயிர் ஒரு மூச்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது தானம் செய்வார்களா?

சந்தனமாரி எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எட்டி அமலியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே இழுத்தாள். "நீங்க கத்துங்கக்கா. நான் ஒங்க மொகத்தப் பாத்து முக்குறேன். எப்ப ஏறுது எப்ப எறங்குதுன்னு ஒங்க மொகம் சொல்லுமில்ல. கண்ண மட்டும் எங்கிட்டருந்து எடுத்துராதீங்க."

வலி அமலிக்குப் போனது. அவள் முகம் சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, இத்தனை வருஷம் தராசு முன்னால் தலை குனிந்தே இருந்த பெண், தலையைத் தூக்கி, சந்தனமாரியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கத்தினாள், அந்த முகத்தில் அது ஏற ஏற இவள் தன்னிடம் ஒரு துளி வலியில்லாமல் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி முக்கினாள், அந்த முகத்தில் அது உச்சிக்குப் போன இடத்தில் இவளும் உச்சிக்குப் போனாள், வளையல்கள் உடைந்து மாவில் விழுந்தன, சிஸ்டர் "வருது, வருது, விட்றாத" என்றாள், பிறகு சட்டென்று அமலியின் முகம் காலியானது, சிஸ்டரின் கை நிறைந்தது.

பெண் குழந்தை. கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. சிஸ்டர் அதைக் குப்புறத் தாங்கி, துணியால் முதுகைத் தேய்த்தாள், திரும்பத் தேய்த்தாள். நான் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். அது ஒரு தும்மல் போட்டது. அப்புறம் அழுதது, ஷட்டருக்கு வெளியே வேப்பமரம் வரைக்கும் கேட்கிற மாதிரி.

சிஸ்டர் குழந்தையைச் சந்தனமாரியின் நெஞ்சில் வைத்தாள். சந்தனமாரி அதைத் தொடுவதற்கே பயந்தவளாக விரல் நுனியால் தொட்டாள். அமலி கண்ணை இறுக மூடிக்கொண்டு மூட்டையில் சாய்ந்து கிடந்தாள், அவளுக்கு மூச்சு இரைத்தது. குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"அழுதுச்சா?" என்றாள் அமலி.

"அழுவுதேக்கா, கேக்கலையா?"

"கேக்குது" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நீ சொல்லு. அன்னைக்கு முழிச்சதும் அழுதுச்சான்னு கேட்டேன், யாரும் சொல்லல."

சந்தனமாரி குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அமலியின் தலையைத் தன் பக்கம் இழுத்து, காதோடு வாய் வைத்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அழுதுச்சுக்கா. நல்லா சத்தமா அழுதுச்சு."